மூவர் கூடி உண்டால்

உணவு முடிந்தது, கை கழுவியும் ஆயிற்று. இனி எழுந்து செல்ல வேண்டியதுதானே என்று நாம் எண்ணுவோம். யூதருடைய சமயச் சட்டமோ அவ்விடத்திலேயே உண்டவரை மறித்து, "உம்மோடு உண்டவர் எத்தனை பேர்?" என்று வினவுகின்றது. ஒருவரா, இருவரா, மூவரா என்பதைப் பொறுத்தே அடுத்து நிகழவேண்டியது யாதென்பது துணியப்படும். உண்டபின் கூட்டாக நன்றி கூறுதல் பற்றிய இச்சட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது, இது வெறும் சடங்குமுறை என்றே கருதினோம். படித்து முடித்தபோது, ஒரு பந்தியில் எண்ணப்படுபவர் யார், எண்ணப்படாதவர் யார் என்னும் பெருவினாவொன்று அதனுள்ளிருந்து எழுந்து நிற்கக் கண்டோம். இவ்வாரம் அதனையே வாசகர் முன் வைக்கின்றோம்.

உண்ணுமுன் கடவுளை நினைத்தல் பல சமயத்தாரிடத்தும் காணப்படும் வழக்கம். யூதரிடத்தும் அது உண்டு. ஆயினும், உண்ணுமுன் கூறும் வாழ்த்து அறிஞர் விதித்தது என்றும், உண்டபின் கூறும் வாழ்த்தே வேதம் நேரே விதித்தது என்றும் அவர்கள் பிரித்துக் காண்பர். மோசேயின் ஐந்து நூல்களுள் இறுதியதாகிய உபாகமத்தின் எட்டாம் அதிகாரத்திலே, உண்டு நிறைவடைந்தபின் நல்ல நாட்டைத் தந்த இறைவனை வாழ்த்த வேண்டும் என்னும் கட்டளை வருகின்றது. அதனை அடுத்து வருவது ஓர் எச்சரிக்கை. வயிறு நிரம்பி, நல்ல வீடுகள் கட்டிக் குடியிருந்து, ஆடு மாடும் பொன்னும் பெருகிய காலத்தில் உள்ளம் செருக்குற்று, தந்தவனை மறந்துவிடலாகாது என்பது அதன் கருத்து. பசித்திருப்பவனுக்குக் கடவுளை நினைப்பூட்டுவதற்குப் பிறர் வேண்டா. பசியே அதனைச் செய்யும். உண்டு ஏப்பமிட்டவனுக்கே நினைப்பூட்டுதல் வேண்டும் என்று அந்நூல் கருதியது போலும்.

வேதம் 'நிறைவடைந்தபின்' என்றே கூறிற்று. பிற்கால அறிஞரோ அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வந்தனர். ஒலிவம்பழ அளவு உரொட்டி உண்டாலும் நன்றி கூறுதல் கடன் என்றார் ஒரு சாரார். முட்டையளவு வேண்டும் என்றார் ரபி யூதா. இது பற்றித் தல்மூதிலே ஒரு கதை உண்டு. முகம் பாராது தீர்ப்பளிப்பவராகிய நீர் இம்மக்களுக்கு மாத்திரம் முகங்கொடுப்பது ஏன் என்று தேவதூதர் இறைவனை வினவினராம். நிறைய உண்டபின் வாழ்த்துமாறு நாம் எழுதி வைத்தோம். அவர்களோ ஒலிவம்பழ அளவிற்கும் முட்டையளவிற்கும் வாழ்த்துகின்றனர். அவர்களுக்கு முகங்கொடாதிருப்பது எவ்வாறு என்று இறைவன் விடையிறுத்தாராம்.

உரொட்டி என்று நாம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. விவிலியத் தமிழில் 'அப்பம்' எனப்படுவது நம் வீட்டு அப்பமன்று. பாண், உரொட்டி வகையைச் சேர்ந்தது. கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களால் ஆகிய உரொட்டியை உண்டால்தான் முழு நன்றியுரையும் கூறவேண்டும். அரிசி அவ்வைந்தனுள் ஒன்றன்று. சோறு உண்டவன் சிறிய வாழ்த்தொன்றோடு எழுந்துவிடலாம். சோறில்லையேல் உணவேயில்லை என்று கருதும் நமக்கு இது சற்று மனத்தாங்கலாகவே இருக்கின்றது! ஆனால் சட்டம் பிறந்த நாட்டின் நிலத்தில் விளைந்தது எதுவோ, அதுவே அச்சட்டத்தின் அளவுகோலும் ஆகும்.

நன்றியுரை நான்கு வாழ்த்துகளைக் கொண்டது. உலகனைத்திற்கும் உணவளிப்பது பற்றிய முதலாவதை, வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோது மோசே அமைத்தார் என்றும், நாட்டைப் பற்றிய இரண்டாவதை யோசுவா அமைத்தார் என்றும், எருசலேமைப் பற்றிய மூன்றாவதைத் தாவீதும் சாலொமோனும் அமைத்தனர் என்றும் தல்மூது கூறும். இவை மரபுச் செய்திகள். நான்காவதன் வரலாறு வேறு. உரோமருக்கு எதிராக எழுந்த பர் கொக்பாவின் கிளர்ச்சி கி.பி. 135 இல் பெத்தார் என்னும் கோட்டையின் வீழ்ச்சியோடு முடிந்தது. அங்கே மாண்டவர்களின் உடல்களை அடக்கஞ்செய்ய நெடுங்காலம் இசைவு கிடைக்கவில்லை என்பது மரபு. இசைவு கிடைத்த நாளிலே, யாவ்னே என்னும் ஊரிலிருந்த அறிஞர், 'நல்லவனும் நன்மை செய்பவனும்' ஆகிய இறைவனைப் போற்றும் இந்நான்காம் வாழ்த்தை அமைத்தனராம். உடல்கள் அழுகாதிருந்தமையால் நல்லவன். அடக்கஞ்செய்யக் கிடைத்தமையால் நன்மை செய்பவன். தோல்வியுற்ற ஓர் இனம், பிணங்களைப் புதைக்கக் கிடைத்த உரிமைக்காக இறைவனுக்கு நன்றி கூறி, அந்நன்றியை அன்றாடம் உண்ணும் உணவோடு பிணைத்து வைத்தது. இவ்விடத்தைப் படித்தபின் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்திருந்தோம்.

இனி, கூட்டு நன்றிக்கு வருவோம். ஏறத்தாழக் கி.பி. 200 இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டநூல், 'பெரக்கோத்து' என்னும் பகுதியின் ஏழாம் அதிகாரத்தில் இதனை விரித்துரைக்கின்றது. மூவர் கூடி உண்டால் அவர்கள் கூட்டாக நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். ஒருவர் தலைமை ஏற்று, வாழ்த்துவோம் வாரீர் என்று மற்றையோரை அழைப்பார். அவர்கள் இறைவன் பெயர் வாழ்த்தப்பெறுக என விடை கூறுவர். பின்னர் அவர், வீட்டுக்குரியவரதும் பந்தியிலிருக்கும் பெரியோரதும் இசைவை வேண்டிக்கொண்டு, எவனுடைய உணவை உண்டோமோ அவனை வாழ்த்துவோம் என்பார். இவ்வழைப்பிற்கு 'சிம்மூன்' என்று பெயர். இருவர் மாத்திரம் உண்டால் இவ்வழைப்பில்லை; ஒவ்வொருவரும் தனித்தனியே நன்றி கூறுவர். அவ்விருவருள் ஒருவர் கல்லாதவராயின், கற்றவர் கூற மற்றவர் கேட்டிருந்தாற் போதும்.

மூன்று என்னும் எண் எங்கிருந்து வந்தது? இலக்கணத்திலிருந்து வந்தது என்றால் மாணவர் வியப்பர். முப்பத்துநான்காம் சங்கீதத்திலே, என்னோடு சேர்ந்து இறைவனை மேன்மைப்படுத்துங்கள் என்னும் பொருள்பட ஓர் அழைப்பு உண்டு. ஏவல் பன்மையில் இருக்கின்றது. அழைப்பவன் ஒருவன், அழைக்கப்படுவோர் பன்மையாதலின் குறைந்தது இருவர், ஆக மூவர். ஒரு வினைமுற்றின் விகுதி இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்களைப் பந்தியிலே பிடித்து வைத்திருக்கின்றது! இலக்கணத்தால் யாது பயன் என்று கேட்கும் மாணவருக்கு இனி இதனையே எடுத்துக் காட்ட எண்ணியுள்ளோம்.

பிடித்து வைத்திருக்கின்றது என்றது வெறும் அணியன்று. கூடி உண்ட மூவர் பிரிந்து போகலாகாது என்பதே சட்டம். நால்வரும் ஐவரும் அவ்வாறே. அறுவராயின் மும்மூவராகப் பிரியலாம். அவ்வாறு பிரிந்தாலும் இரு பந்தியிலும் அழைப்புக் குன்றாது. ஒன்பதின்மர் வரை இதுவே முறை. பதின்மர் ஆகிவிட்டாலோ மீண்டும் பிரியலாகாது. ஏனெனில், பதின்மர் கூடிய இடத்தில் அழைப்பினுள் 'நம் இறைவன்' என்னும் சொல்லும் சேரும்; ஐவர் ஐவராகப் பிரிந்தால் அச்சொல் இழக்கப்படும். இருபதின்மர் ஆகுமட்டும் அவர்கள் கட்டுண்டவர்களே. நூறு பேர், ஆயிரம் பேர், பதினாயிரம் பேர் உண்டால் அழைப்பின் சொற்கள் இன்னும் பெருகவேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. ரபி அக்கீபா அதனை ஏற்றாரல்லர். ஜெப ஆலயத்தில் கூட்டம் பெருத்தாலும் சிறுத்தாலும் அழைப்பு ஒன்றுதானே என்றார். அவர் கூறியதே சட்டமாயிற்று.

ஒருவர் விரைவில் உண்பவர், மற்றவர் மெல்ல உண்பவர் ஆயின் யாது செய்வது? இருவர் உண்டு முடித்துவிட்டால், இன்னும் உண்டுகொண்டிருக்கும் ஒருவர் அவர்களுக்காகத் தம் உணவை இடையில் நிறுத்தி, அழைப்பிற்கு விடை கூறவேண்டும். முடித்தவர் ஒருவராயின், உண்டுகொண்டிருக்கும் இருவரும் அவருக்காக நிறுத்தவேண்டிய கடமையில்லை. ஆயினும் பாபிலோனிய அறிஞராகிய ரவ் பப்பா என்பவர், முன்னரே உண்டு முடித்த தம் மகனுக்காகத் தாமும் உடனிருந்தவரும் உண்பதை நிறுத்தி விடை கூறினார். சட்டம் கேட்டதற்கு மேலாக அவர் செய்தார் என்று தல்மூது குறித்து வைத்திருக்கின்றது. தந்தையின் உணவு பாதியில் நிற்க மகன் எழுந்து போனான் என்றால், நம் வீடுகளில் அதற்கு வேறு பெயர் சொல்வோம்!

'கூடி உண்ணுதல்' என்பதுதான் யாது? அக்காலத்தில் விருந்தினர் சாய்ந்திருந்து உண்பர். சாய்ந்திருந்தால் ஒரே பந்தி; சும்மா அமர்ந்திருந்தால் அவரவர் தனித்தனி என்பது பழைய முறை. இதனையொட்டிய நிகழ்ச்சியொன்று எமது உள்ளத்தை விட்டு அகலவில்லை. பாபிலோனியாவிலே சூரா என்னும் இடத்தில் ஒரு பெருங்கல்லூரியை நிறுவியவர், 'ஆசான்' எனப் பொருள்படும் 'ரவ்' என்னும் ஒரே சொல்லாலே அழைக்கப்பட்டவர். அவர் கி.பி. 247 இல் இறந்தார் என்பர். அவருடைய பூதவுடலின் பின் சென்ற மாணவர் திரும்பி வரும்போது, தனக்கு என்னும் ஆற்றங்கரைக்குப் போய் உண்போம் என்று தமக்குள் பேசிக்கொண்டு அங்கே சென்று உண்டனர். உண்டபின் ஓர் ஐயம் எழுந்தது. நாம் சாய்ந்திருந்து உண்ணவில்லை; ஆயினும் இன்ன இடத்தில் உண்போம் என்று பேசி வந்து உண்டோம். அது சாய்ந்திருந்து உண்டதற்கு ஒப்பாகுமா? ஒருவர் எல்லாருக்குமாக வாழ்த்துக் கூறலாமா? விடை எவருக்கும் தெரியவில்லை. ரவ் அத்தா என்பவர் எழுந்தார். துக்கத்திற்காக முன்னரே கிழித்திருந்த தம் ஆடையைத் திருப்பி, கிழிசலை முதுகுப்புறம் போக்கி, முன்புறத்தில் மீண்டும் ஒரு முறை கிழித்தார். ஆசான் மறைந்தார், உண்டபின் நன்றி கூறும் முறையைக்கூட நாம் அவரிடம் கற்று முடிக்கவில்லையே என்று அரற்றினார்.

பின்னர் ஒரு முதியவர் வந்து, பேசி வைத்துக்கொண்டு ஓரிடத்தில் உண்டமையால் நீங்கள் ஒரே பந்தியினரே என்று ஐயந்தீர்த்தார். சாய்ந்திருப்பதன்று, கூடி உண்போம் என்ற எண்ணமே பந்தியை ஆக்குகின்றது என்னும் கொள்கை அன்று நிலைபெற்றது. எமக்கு முதியவரைக் காட்டிலும் அந்த இரண்டாவது கிழிசலே பெரிதாகத் தோன்றுகின்றது. ஆசிரியத்தொழில் செய்வோர் எவரும் இதனைக் கலக்கமின்றிப் படித்தல் அரிது.

தலைமை ஏற்பவரும் உண்டிருக்க வேண்டும். இதற்கும் ஒரு கதை உண்டு. கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட யன்னாய் என்னும் அரசன் அறிஞரைக் கொன்றொழித்தான். பின்னொருநாள் அரசனும் அரசியும் உண்டு முடித்தபோது நன்றி கூறுவிக்க ஒருவரும் இல்லை! அரசன் அரசியைக் கேட்டான். தீங்கு செய்யேன் என்று அவனிடம் ஆணை பெற்றுக்கொண்டு, அவள் தன் உடன்பிறந்தானாகிய சீமோன் பென் ஷெத்தாக் என்னும் அறிஞரை வரவழைத்தாள். அரசன் அவரைத் தனக்கும் அரசிக்கும் இடையில் இருத்தி, நான் உமக்குச் செய்யும் பெருமையைப் பார்த்தீரா என்றான். பெருமை செய்வது நீயல்லை, வேதமே என்றார் அவர். வாழ்த்துரைக்கும் கிண்ணத்தை அவர் கையிற் கொடுத்தனர். நான் உண்ணவில்லையே, யன்னாயும் அவன் தோழரும் உண்ட உணவுக்குரியவனை வாழ்த்துவோம் என்றா சொல்வது என்று வினவினார். பின் அக்கிண்ணத்தின் திராட்சரசத்தைப் பருகிவிட்டார். வேறு கிண்ணம் கொணர்ந்தனர். அதன்மேல் வாழ்த்துக் கூறினார். அவ்வாறு பருகியது மாத்திரம் போதாது, உரொட்டியும் உண்டிருத்தல் வேண்டும் என்று பிற்காலத்தார் விதித்தனர்.

இனி எண்ணப்படுவோர் யாரென்பதைப் பார்ப்போம். இங்கேதான் சட்டம் கடுமை காட்டுகின்றது. சிறுவரையும் பெண்களையும் அடிமைகளையும் மிஷ்னா மூவருள் ஒருவராக எண்ணவில்லை. சிறுவர் பற்றித் தல்மூது சற்று இளகிற்று. யாரை வாழ்த்துகின்றோம் என்று அறிந்த சிறுவனை எண்ணலாம் என்றது. அபாயே, ராவா என்னும் இரு சிறுவர் ரப்பா என்னும் ஆசானின் முன் இருந்தனர். யாரை வாழ்த்துகின்றோம் என்று அவர் கேட்க, அருளாளனை என்றனர். அவன் எங்கே இருக்கின்றான் என்று கேட்க, ராவா வீட்டுக் கூரையைச் சுட்டினான். அபாயேயோ வெளியே ஓடிச் சென்று வானத்தைச் சுட்டினான். இருவரும் அறிஞராவர் என்று ஆசான் மகிழ்ந்தார், அவ்வாறே ஆயினர். ஆயினும், பதின்மூன்று வயது நிரம்புமட்டும் எண்ணுவதில்லை என்பதே ஐரோப்பிய யூதரிற் பெரும்பாலோரின் வழக்கமாயிற்று.

பெண்கள் மூவர் தமக்குள் அழைத்து வாழ்த்தலாம் என்று தல்மூது இசைந்தது. ஆனால் ஆடவரின் எண்ணிக்கையில் அவர்களைச் சேர்க்கவில்லை. இது எல்லாப் பெண்களுக்கும் உவப்பாயிருந்தது என்று எவரும் எண்ணவேண்டா. உல்லா என்னும் அறிஞர் ரவ் நக்மானின் வீட்டில் விருந்துண்டு, நன்றி கூறி, வாழ்த்துக் கிண்ணத்தை நக்மானிடம் நீட்டினார். யல்தாவுக்கும் அனுப்பும் என்றார் நக்மான். யல்தா அவர் மனைவி. ஆடவன் பெறும் ஆசியினாலேயே பெண்ணுக்கும் ஆசி என்று காரணங்கூறி உல்லா மறுத்தார். அது யல்தாவின் செவிக்கு எட்டியது. அவள் எழுந்து சினத்தோடு சரக்கறைக்குட் சென்று நானூறு சாடி திராட்சரசத்தை உடைத்தாள். வேறு கிண்ணமொன்றை அனுப்பும் என்று நக்மான் வேண்டினார். சாடியில் உள்ளதும் வாழ்த்துப் பெற்றதே என்று சொல்லி உல்லா அனுப்பினார். ஊர்சுற்றியின் வாயில் வீண்பேச்சும் கந்தையில் பேனும் உண்டாகும் என்னும் கருத்துப்பட அவள் மறுமொழி விடுத்தாள். நானூறு என்பது கதை சொல்வோர் கணக்காயிருக்கலாம், சினம் கதையன்று. பழைய முறையைத் தளர்த்திய யூதக் குழுக்கள் பல இக்காலத்தில் பெண்களையும் ஆடவரோடு ஒப்ப எண்ணுகின்றன. பழைமை பேணுவோர் இன்னும் எண்ணுவதில்லை.

வேற்றினத்தாரும் எண்ணப்படார். நாமே அப்பந்தியில் விருந்தினராய் இருந்தாலும் உணவு கிடைக்கும், எண்ணிக்கையில் இடங்கிடையாது. இதனைப் படித்தபோது முதலில் எமக்குச் சிறிது முகம் வாடியது உண்மை. ஆயினும் இது உபசாரமன்று, கடன். அவ்வுடன்படிக்கையின் கடனை ஏலாதவனை அதற்கு அழைப்பது எங்ஙனம் என்று பின்னர் தெளிந்தோம்.

கல்லாதவரை எண்ணலாமா என்பதே மிகுந்த பூசலை விளைத்தது. அவர்களோடு சேர்ந்து அழைத்து வாழ்த்தலாகாது என்று பழைய விதியொன்று இருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு ராமி பர் ஹாமா என்பவர், ரவ் மெனாஷ்யா என்பவரைத் தம் பந்தியில் எண்ண மறுத்தார். மெனாஷ்யா சட்டநூல்களை ஓதியவர்தாம்; அறிஞரை அடுத்திருந்து தொண்டு செய்து கற்றவரல்லர் என்பது ராமியின் எண்ணம். ராமி இறந்தார். முன்பு கூரையைச் சுட்டிய சிறுவனாகிய ராவா அப்போது பேராசானாய் விளங்கினார். மெனாஷ்யாவை எண்ணாமல் விட்ட ஒன்றினாலேயே ராமி இறந்தார் என்று அவர் சொல்லிவிட்டார். மெனாஷ்யா அறிஞருக்குத் தொண்டு செய்தவரே. ராமிதான் தக்கவாறு விசாரித்தறியவில்லை என்றும் தல்மூது விளக்குகின்றது. ஒருவரை விசாரியாமற் பந்தியில் தள்ளியது சாவுக்குரிய பிழையாகப் பேசப்பட்டது! இடைக்காலப் பிரெஞ்சு நாட்டு உரையாசிரியர்கள், கல்லாதவரைத் தள்ளினால் அவர்கள் பிரிந்து போவர் என்று அஞ்சி, அவ்விதியை வழக்கில் விட்டனர். சபேத் நகரத்து யோசேப்பு காரோ தொகுத்து, 1565 இல் வெனிசு நகரில் அச்சேறிய 'ஷுல்கான் ஆரூக்' என்னும் சட்டநூலும் கல்லாதாரை எண்ணலாம் என்றே விதித்தது. அந்நூற்பெயரின் பொருள் 'விரித்து வைத்த மேசை' என்பதாகும்.

எஞ்சி நிற்பவன் பரிமாறும் ஏவலாள். ஒலிவம்பழ அளவு உண்டானாயின் அவனும் மூவருள் ஒருவன் என்று மிஷ்னா வெளிப்படையாகச் சொல்கின்றது. இதனைச் சொல்லவும் வேண்டுமோ என்று தல்மூது தன்னைத்தானே கேட்டுக்கொள்கின்றது. வேண்டும், அவன் ஓரிடத்தில் இராமல் வருவதும் போவதுமாய் இருப்பவன் ஆதலால் பந்தியைச் சேர்ந்தவனல்லன் என்று எவரேனும் நினைத்துவிடக்கூடும் என்று விடையும் கூறுகின்றது. மூவருக்குப் பரிமாறும் ஏவலாள், அவர்கள் இசைவின்றி உடனுண்ணலாகாது. இருவருக்குப் பரிமாறுகின்றானாயின், அவர்கள் இசைவு தராவிடினும் அவன் அவர்களோடு உண்ணலாம். அவனின்றி அவர்கள் இருவர், இருவருக்கு அழைப்பில்லை. அவன் ஒரு துண்டு உரொட்டியைப் பிட்டு வாயில் இட்டால் அவர்கள் மூவர் ஆகின்றனர். தலைமை ஏற்பவர் அவனையும் நோக்கியே வாழ்த்துவோம் வாரீர் என்கின்றார். அவன் விடை கூறுமளவும் மற்றை இருவரும் எழுந்து போகாமல் காத்திருக்கின்றனர்.